பம்பர் அத்தான் கவிதை படிக்கப் போனது

என் அக்கா வீட்டுக்காரரை ஊரில் இருக்கிற ஒர்க்‌ஷாப்காரர்கள் 'பம்பர்' என்பார்கள். இன்சூரன்ஸ் கம்பெனியில் அவருக்கு சர்வேயர் வேலை. எங்காவது ஒரு வண்டி இடித்துக்கொண்டு, சொந்தக்காரர் நஷ்டஈடு கேட்டு எழுதிப்போட்டால், இவர்தான் போய்ப் பார்க்க வேண்டும். வண்டியைச் சுற்றி வருவார், குனிவார், தேவைப்பட்டால் தரையில் மல்லாந்து படுத்து அடியில் நுழைவார். அடி புதிதா பழையதா, வண்டிக்காரர் சொல்கிறபடிதான் நடந்ததா என்று பார்த்து அறிக்கை எழுதுவார். எந்த வண்டியானாலும் முதலில் கை போவது பம்பருக்குத்தான். டாக்டர் நாடி பிடிக்கிற மாதிரி அதை இரண்டு விரலால் தொட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் கண்ணை மூடி நிற்பார். பேர் அப்படி ஒட்டிக்கொண்டது.

நான் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம் ஆகவில்லை என்பதால் சாப்பாடு கீழே, அக்கா கையால். ஆகவே நான் சொல்லப்போவதில் பாதியைச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பார்த்தேன். மீதியை அத்தானே வந்து சொன்னார். அவர் எதையும் கூட்டிச் சொல்லுகிற ஆள் இல்லை.

அதுதான் அவருடைய பெருமையும். அவர் அறிக்கையில் ஒரு சொல் மிகையாக இருக்காது. 'லாரி நின்றுகொண்டிருந்தது. கார் நின்றுகொண்டிருக்கவில்லை' என்று ஒரு முழு விபத்தையும் இரண்டு வாக்கியத்தில் அடக்கிவிடுவார். மேனேஜர் அதைப் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டுவார் என்று கேள்வி.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த மனிதருக்கு, தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு உத்தரவு வந்தது. இனிமேல் டிகிரி இல்லாதவர்களுக்குப் பதவி உயர்வு கிடையாது. அத்தானிடம் இருந்தது மோட்டார் மெக்கானிக் டிப்ளமா. தலை நரைத்துவிட்டது, அடுத்த நாற்காலி அவருக்குத்தான் என்று ஆபீசே சொல்லிக்கொண்டிருந்தது. நாற்காலிக்கும் அவருக்கும் நடுவில் இப்போது ஒரு காலேஜ் வந்து உட்கார்ந்துகொண்டது.

மாலைக் கல்லூரியில் சேரலாம் என்று முடிவாயிற்று. சேரக் கடைசி நாளன்று பார்த்து ஒரு வேன் சாக்கடையில் இறங்கிவிட்டது. அதைப் பார்த்துவிட்டு, சட்டையெல்லாம் சேறாக, ஜன்னல் மூடுகிற நேரத்தில் போய் நின்றார்.

"வணிகவியல் முடிஞ்சுபோச்சு சார். நிர்வாகவியலும் முடிஞ்சுபோச்சு. இலக்கியம்தான் இருக்கு. வேணுமா?" என்று கிளார்க் கேட்டாராம். கடைசி நேரத்தில் துணிக்கடைக்குப் போனவரிடம் தொளதொள சைஸ் மட்டும்தான் இருக்கிறது என்று சொல்கிற தொனி.

"டிகிரி டிகிரிதானே?" என்று கேட்டார் அத்தான்.

"அதுல என்ன சந்தேகம்?"

"அப்ப குடுங்க."

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் அக்கா சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறிவிட்டது. "நீங்களா? கல்யாணத்துக்கு முன்னாடி நீங்க எனக்கு எழுதின கடுதாசி ஞாபகம் இருக்கா? 'நலம். நலமா? பஸ்ஸில் வருகிறேன்.' அவ்வளவுதான். அதைப் படிச்சுட்டு எங்கம்மா, தந்தின்னு நினைச்சுப் பயந்துட்டாங்க."

"வந்தேனா இல்லையா?" என்றார் அத்தான்.

முதல் வகுப்பில் அவர் நுழைந்ததும் பிள்ளைகளெல்லாம் எழுந்து நின்றார்கள். நல்ல மரியாதை தெரிந்த பிள்ளைகள் என்று சந்தோஷப்பட்டு, அவர் கடைசி பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்திருக்கிறார். மொத்த வகுப்பும் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றது. உண்மையான டீச்சர் வந்தபிறகுதான் எல்லோருக்கும் விஷயம் புரிந்தது. அந்த அம்மாவுக்கு அத்தானைவிடப் பத்துப் பதினைந்து வயது குறைவாக இருக்கும். வருஷம் முழுக்க ஜலதோஷம். மூக்கைத் துடைத்துக்கொண்டேதான் கவிதை சொல்வாராம். அதனால் எந்தக் கவிதையும் சோகமாகத்தான் கேட்கும் என்பது அத்தானின் புகார்.

பாடத்தின் பேர் 'கவிதையும் சிறுகதையும்'. முதல் வாரமே ஒரு சின்னக் கவிதையைக் கரும்பலகையில் எழுதி, இதைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

மழை நின்றபின்னும்
குடையை மடக்காமல் போகிறாள்
வீடு வரை.

அவ்வளவுதான் கவிதை. அத்தான் அதைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தார். இரண்டு விரலால் தாளைத் தொட்டுக்கொண்டு கண்ணை மூடியதைக்கூடப் பார்த்தேன். பிறகு மளமளவென்று எழுதினார். எழுதியதை நான் பார்த்தேன்.

'பொருள்: குடை சம்பந்தமாக. சம்பவ இடம்: குறிப்பிடப்படவில்லை. நேரம்: மழைக்குப் பின். சேதம்: எதுவும் தென்படவில்லை. மழை நின்ற விஷயம் சம்பந்தப்பட்ட பெண்ணுக்குத் தெரியுமா என்று விசாரிக்கப்படவில்லை. குடையின் மடக்கும் விசை பழுதாகியிருக்க வாய்ப்புண்டு. சாட்சி ஒருவர் மட்டுமே, அவரும் கவிஞர். எனவே இந்தக் கோரிக்கையை ஏற்பதற்கில்லை.'

திரும்பி வந்த தாளில் சிவப்பு மையால் ஒரே ஒரு வரி இருந்தது: 'யாரும் நஷ்டஈடு கேட்கவில்லையே.' அதற்குப் பக்கத்தில் இருந்த மார்க்கை அவர் கட்டை விரலால் மறைத்துக்கொண்டுதான் எங்களிடம் காட்டினார்.

மனிதர் உடைந்துபோய்விட்டார். அவர் எழுதியதை இதுவரை யாரும் திருப்பி அனுப்பியதில்லை. அக்காவுக்கே பாவமாகிவிட்டது. "அப்படி என்ன பெரிய கவிதை? படிங்க பார்ப்போம்" என்றாள்.

படித்தார்.

"ஐயோ, அழுதுட்டே போயிருப்பா. முகம் தெரியக்கூடாதுன்னு குடையைப் பிடிச்சிருக்கா" என்றாள் அக்கா, தட்டை எடுத்துக்கொண்டே.

அத்தானுக்கு வாய் திறந்தது திறந்தபடி நின்றது. "எங்க எழுதியிருக்கு?"

"அதெல்லாம் எழுதுவாங்களா?"

எனக்குச் சம்மதமில்லை. "அதெல்லாம் இல்லக்கா. மறந்திருப்பா. நான்கூட நெத்தியில ஒரு கண்ணாடி இருக்கும்போதே இன்னொண்ணைத் தேடியிருக்கேன்" என்றேன்.

"குடை புதுசா இருக்கும். காட்டணும்னு ஆசை" என்றாள் அக்கா உடனே, முதலில் சொன்னதை அங்கேயே கைகழுவிவிட்டு.

அத்தான் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரு குடை. மூணு காரணம். ஒரு கார் விஷயத்துல இப்படிச் சொன்னா எவன்யா கையெழுத்துப் போடுவான்?"

மறுநாள் டீச்சரிடம் போய் இதைக் கேட்டிருக்கிறார். எது சரி என்று சொல்லுங்கள், அதை எழுதிவிடுகிறேன் என்று. மூன்றும் நிற்கும் சார், கவிதையில் இருக்கிற சொல்லைக் காட்டி எதை நிறுத்த முடிகிறதோ அதை எழுதுங்கள் என்று அந்த அம்மா சொன்னாராம். அத்தானின் வாழ்க்கையில் ஒரே சம்பவத்துக்கு மூன்று காரணம் சொல்லி யாரும் பொய் சொல்லாமல் இருந்தது அதுவே முதல் தடவை. அன்றைக்கு ஏதோ ஒரு திருகு அவருக்குள் தளர்ந்தது என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு அவர் வண்டிகளைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. அறிக்கையும் மாறியது.

ஒரு வீட்டு வாசல் தூணில் கார் மோதியிருந்தது. வழக்கமான அத்தான் என்றால், 'தூண் நகரவில்லை' என்று முடித்திருப்பார். இந்தத் தடவை அவர் எழுதியது: 'பல வருஷம் ஒருவரை ஒருவர் கடந்துபோன அலுப்பு, அந்த மோதலில் தெரிந்தது.'

மேனேஜர் கூப்பிட்டுவிட்டார்.

"என்னய்யா இது? யாருக்கு அலுப்பு? தூணுக்கா, காருக்கா?"

"அதை வாசகர் முடிவு பண்ணணும் சார்."

"வாசகர் நான்தான்யா! என்னால முடிவு பண்ண முடியாமத்தானே உன்னைக் கூப்பிட்டிருக்கேன்!"

அத்தோடு நிற்கவில்லை. தலைமை அலுவலகத்திலிருந்து இன்னொரு அறிக்கை திரும்பி வந்தது. 'சாலையோரம் நாணத்தோடு ஒதுங்கி நின்ற வண்டி' என்ற இடத்தைச் சுழித்து, 'இடது ஓரமா, வலது ஓரமா?' என்று கேட்டிருந்தார்கள். மேனேஜர் தலையில் கைவைத்துக்கொண்டு கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தார். ஒரு அறிக்கைக்கு ஒரே ஒரு 'போல' அனுமதி. அதுவும் சேதத்தை விவரிக்கிற இடத்தில் கூடாது. அத்தான் அந்த ஒரு 'போல'வை எங்கே செலவழிப்பது என்று காலையில் பல் துலக்கும்போதே யோசிக்க ஆரம்பித்தார்.

ஆபீஸ் இப்படி என்றால், வீட்டில் நிலைமை இன்னும் மோசம். கவிதை முடிந்து சிறுகதைக்கு வந்துவிட்டார்கள்.

முதல் கதை ஒரு தாழ்ப்பாளைப் பற்றியது. புருஷனும் பெண்டாட்டியும் ஒரு சாயங்காலம் முழுக்கக் கொல்லைக் கதவின் தாழ்ப்பாளைப் பற்றிப் பேசுகிறார்கள். சரியாக விழமாட்டேன் என்கிறது, மழைக்கு மரம் ஊதியிருக்கும், ஆணி மாற்ற வேண்டும் என்று. நடுவில் ஒரே ஒரு இடத்தில் அவளுடைய பை தயாராக இருக்கிறது என்று ஒரு வரி வருகிறது. கடைசியில் அவன், "நாளைக்குச் சரிபண்றேன்" என்கிறான். அவள், "பரவாயில்ல, அவசரமில்ல" என்கிறாள். கதை முடிந்துவிடுகிறது.

"இது எதைப் பற்றிய கதை?" என்று டீச்சர் கேட்க, அத்தான் முதல் ஆளாகக் கையைத் தூக்கி, "தாழ்ப்பாள் மேடம். திருகாணி தேஞ்சிருக்கு" என்றிருக்கிறார். வகுப்பே சிரித்தது. அவள் விடிந்ததும் அவனைவிட்டுப் போகப்போகிறாள், அதுதான் அந்தத் தாழ்ப்பாள் பேச்சுக்குள் ஒளிந்திருக்கிறது என்று டீச்சர் சொன்னதும் இவருக்கு முதுகு சில்லிட்டுவிட்டதாம். "கதையில மனுஷங்க மனசுல இருக்கிறதைச் சொல்றதில்ல மச்சான். அது அடியில ஓடும். நாமதான் குனிஞ்சு பார்க்கணும்" என்று மாடிக்கு வந்து என்னிடம் சொன்னார்.

குனிந்து பார்ப்பது அவருக்குப் பழகிய வேலை. மறுநாள் முதல் வீட்டில் குனிய ஆரம்பித்தார்.

"சோப்பு தீர்ந்துடுச்சு" என்றாள் அக்கா.

அத்தான் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மூடிவிட்டு அவளை உற்றுப் பார்த்தார். "நீ என்ன சொல்ல வர்ற?"

"சோப்பு தீர்ந்துடுச்சுன்னு சொல்ல வர்றேன்."

"அது சரி. அதுக்கு அடியில?"

"அடியில சோப்பு டப்பா. அது காலி."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு சுவர்க்கடிகாரம். தீர்ந்துவிட்டது, தீர்ந்துவிட்டது என்று அவள் சொன்னது காலத்தைத்தான் என்று வழி நெடுக யோசித்து முடிவுக்கு வந்திருக்கிறார். இரண்டு பேருக்கும் சேர்ந்து உட்காரவே நேரமில்லாமல் போகிறது என்ற ஏக்கமாம்.

"சோப்பு எங்கங்க?"

"சோப்பு ஒரு குறியீடு."

"அப்ப இன்னைக்குக் குறியீட்டைத் தேய்ச்சுக் குளிங்க" என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போய்விட்டாள். நாங்கள் மூன்று பேரும் மறுநாள் பாத்திரம் கழுவுகிற தூளைப் போட்டுக் குளித்தோம். எனக்கு மட்டும் தோள் அரித்தது.

அப்புறமும் அடங்கவில்லை. கதவு சத்தமாகச் சாத்தினால் ஏன் என்பார். மெதுவாகச் சாத்தினாலும் ஏன் என்பார். நான் இரண்டாம் தடவை குழம்பு கேட்டதற்கு, "உனக்குத் தனிமை அதிகமாயிடுச்சு மச்சான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். குழம்பு நன்றாக இருந்தது என்பதைத் தவிர அதில் வேறு உள்ளர்த்தம் இல்லை என்று நான் எவ்வளவோ சொன்னேன். கடைசியில் அக்கா கரண்டியை மேஜைமேல் வைத்துவிட்டு ஒரு சட்டம் போட்டாள்.

"இங்க பாருங்க. இன்னையிலேருந்து நான் சொல்றது சொல்றதுதான். அடியிலயும் கிடையாது, மேலயும் கிடையாது. புரியுதா?"

"புரியுது" என்றார் அத்தான். அந்தச் சட்டத்துக்கு அடியிலும் ஏதோ இருக்கிறது என்று அவர் முகம் சொன்னது.

பருவம் முடிகிற நேரத்தில், ஆளுக்கொரு நீண்ட கட்டுரை எழுத வேண்டும், அதற்கு முன்னால் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து வகுப்பில் பேச வேண்டும் என்று வந்தது. அத்தானுக்கு ஜோடியாக வந்தவன் வகுப்பிலேயே பெரிய அறிவாளி என்று பேர் எடுத்த பையன். எந்த நாளும் கறுப்புச் சட்டைதான் போடுவான், அதனால் பேரே கறுப்புச் சட்டை. இருவரும் எடுத்துக்கொண்டது தாழ்ப்பாள் கதையை. கேள்வி: பெண்டாட்டி போகப்போகிறாள் என்பது அந்தப் புருஷனுக்குத் தெரியுமா, தெரியாதா?

தயாரிப்புக்காக அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். அக்கா கொடுத்த டீயை வாங்கிக்கொண்டு, "இந்தக் கதையில மௌனத்தோட வன்முறை இருக்கு அங்கிள்" என்றான்.

"யாருக்கு அடி பட்டிருக்கு?" என்று அத்தான் பேனாவைத் திறந்தார்.

"அப்படி இல்ல அங்கிள். ஒரு இருண்மை."

"கரண்ட் போயிருக்கா? கதையில எங்கயும் இல்லையே."

இப்படியே போயிற்று. பையனிடம் பெரிய பெரிய சொற்கள் இருந்தன, அத்தானிடம் அளவு நாடா இருந்தது. அவன் புருஷனுக்குத் தெரியும் என்று பேசுவது, இவர் தெரியாது என்று பேசுவது என்று ஒருவழியாகப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். அன்று அவன் போகும்போது அக்கா அவனிடம் ஒரு பொட்டலம் பலகாரத்தைக் கொடுத்து, "தம்பி, சீக்கிரம் முடிச்சுடுங்கப்பா" என்றாள். அதில் இருந்த கெஞ்சல் எனக்குக் கேட்டது. அத்தானுக்குக் கேட்கவில்லை. அக்காதான் சட்டம் போட்டிருந்தாளே.

பேச வேண்டிய நாள் வந்தது. கறுப்புச் சட்டை முதலில் பேசி, நல்ல கைதட்டல் வாங்கினான். அத்தான் எழுந்து போய்ச் சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் ஒரு வீட்டின் வரைபடத்தைப் போட்டார். விபத்து நடந்த இடத்துக்குப் போட்டுப் போட்டுப் பழகிய கை, கோடு ஸ்கேல் வைத்த மாதிரி விழுந்தது. இது முன்கதவு. இது சாப்பாட்டு மேஜை. புருஷன் உட்கார்ந்திருந்தது இந்த நாற்காலி. பெண்டாட்டி நின்றது அடுப்படி வாசலில். பை இருந்தது இங்கே, மாடிப்படிக்குக் கீழே, செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில். நாற்காலியிலிருந்து பைக்கு ஒரு கோடு இழுத்தார். நடுவில் படிக்கட்டின் பக்கப்பலகை குறுக்கே வந்தது.

"ஆகவே, உட்கார்ந்த இடத்திலிருந்து அவனுக்குப் பை தெரிய வாய்ப்பே இல்லை. அவனுக்குத் தெரியாது என்பது நிரூபணமாகிறது" என்று முடித்தார்.

வகுப்பு வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. கறுப்புச் சட்டை மெதுவாகக் கையைத் தூக்கினான்.

"அங்கிள், கதையில மாடிப்படியே இல்லையே."

அத்தான் கையில் இருந்த கதையைப் புரட்டினார். இந்தப் பக்கம் புரட்டினார், அந்தப் பக்கம் புரட்டினார். மாடிப்படி இல்லை. மாடியே இல்லை. சாப்பாட்டு மேஜையும் இல்லை, அவர்கள் தரையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். பை எங்கே இருந்தது என்று கதை சொல்லவே இல்லை. ஒரு பெண் சிரிக்க ஆரம்பித்தாள், அப்புறம் எல்லோரும்.

டீச்சர் மூக்கைத் துடைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தார். "ரொம்ப அழகா போட்டிருக்கீங்க சார். இது யார் வீடு?"

அத்தான் பலகையைத் திரும்பிப் பார்த்தார். முன்கதவு, மேஜை, அடுப்படி, மாடிப்படி. சாக்பீஸ் கையிலிருந்து விழுந்துவிட்டதாம்.

"எங்க வீடு மேடம்" என்றார்.

அன்றைக்கு நான் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். வாசல் கதவு திறந்தது. அத்தான் யாரையும் பார்க்காமல் நேரே மாடிப்படிக்குப் போனார். குனிந்தார். போதவில்லை என்று லாரிக்கு அடியில் படுக்கிற மாதிரி தரையில் படுத்துக் கையை உள்ளே விட்டார். என் பழைய செருப்பு ஒன்று வந்தது. ஒரு கிழிந்த குடை வந்தது. அதற்குப் பின்னால் ஒரு நீலநிறப் பை வந்தது, நன்றாக உப்பி, ஜிப் இழுத்து, போகத் தயாராக.

அக்கா அடுப்படி வாசலில் வந்து நின்றாள். அவர் போட்ட படத்தில் குறித்திருந்த அதே இடம் என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

"இது என்ன?"

"பை."

"எதுக்கு?"

"ஒண்ணுமில்ல."

அத்தான் தரையில் உட்கார்ந்தபடியே ஜிப்பைத் திறந்து உள்ளே நோட்டம் விட்டு, அவளைப் பார்த்தார். "நீ சொல்றது சொல்றதுதான்னு சொல்லியிருக்க. ஒண்ணுமில்லன்னா ஒண்ணுமில்லன்னு எடுத்துக்கணும். ஆனா இதுக்குள்ள உன் துணி இருக்கு, சீப்பு இருக்கு, உன் மாத்திரை இருக்கு. நான் இப்ப எந்த முறையில படிக்கணும்னு நீயே சொல்லிடு."

நான் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடலாமா என்று பார்த்தேன். படியை அவர்தான் மறித்துக்கொண்டிருந்தார்.

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் மடை திறந்துவிட்டது. "பின்ன என்னங்க பண்றது? இந்த வீட்டுல வாயைத் திறக்க முடியுதா? தும்மினா, எதுக்கு இப்பத் தும்மினேன்னு கேக்குறீங்க. தும்மலைன்னா, ஏன் அமைதியா இருக்கேன்னு கேக்குறீங்க. குளிக்கப் போனா கதவுக்கு வெளிய நின்னு கவிதை வாசிக்கிறீங்க. என்கூடப் படிச்சவ இருக்கால்ல, கடற்கரைக்குப் பக்கத்துல வீடு, அவ வாடி வாடின்னு கூப்பிட்டுட்டே இருக்கா. ஒரு வாரம் போய் ரெண்டு பேரும் அர்த்தமே இல்லாமப் பேசிட்டு வரலாம்னு கட்டி வெச்சேன். உங்க பரீட்சை நேரமாச்சே, மனசு கஷ்டப்படுவீங்கன்னு சொல்லாம இருந்தேன்."

"எப்பலேருந்து இங்க இருக்கு?"

"ரொம்ப நாளா. நீங்க தினமும் அது பக்கத்துலதானே செருப்பு விடுறீங்க."

அத்தான் பையை மடியில் வைத்துக்கொண்டார். "பார்த்திருக்கேன்" என்றார். "தினமும் பார்த்திருக்கேன். பார்த்துட்டு, பார்க்கல. நிரூபணம்னு வேற சொல்லிட்டு வந்திருக்கேன்." பிறகு நடந்ததைச் சொன்னார். பலகையில் வீட்டைப் போட்டது, பையைப் போட்டது, எல்லோரும் சிரித்தது.

"என் பையையா போட்டீங்க? எத்தனை பேரு பார்த்தாங்க?" என்றாள் அக்கா பதறிப்போய்.

"வகுப்பு முழுக்க."

"அதுக்குள்ள என்ன இருக்குன்னும் போட்டீங்களா?"

"இல்ல. ஜிப் போட்டிருந்துச்சு."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. எனக்கும் வந்தது. அத்தான் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, "நாளைக்கே கிளம்பு. நானே வந்து பஸ் ஏத்திவிடுறேன்" என்றார்.

அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டு அவரைச் சந்தேகமாகப் பார்த்தாள். "இதுக்கு என்ன அர்த்தம்?"

"பஸ் ஏத்திவிடுறேன்னு அர்த்தம்."

சொன்னபடியே ஏற்றிவிட்டார். ஜன்னல் வழியே தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டு, பஸ் திருப்பத்தில் மறைகிறவரை நின்றுகொண்டிருந்தார். "கதையில அவன் இது வரைக்கும் வரல மச்சான். அவனுக்கு இந்த இடம் கிடைக்கல" என்று என்னிடம் சொன்னார். திரும்பி வரும் வழியில் ஞாபகமாகச் சோப்பு வாங்கினார்.

அந்த வாரம் நான் சமைத்தேன். என்ன சமைத்தேன் என்பதை விட்டுவிடுவோம். அத்தான் எதையும் கவனிக்கவில்லை, தட்டில் இருப்பதைச் சாப்பிட்டுவிட்டு எழுதிக்கொண்டே இருந்தார். எழுதியதைக் கிழித்தார், மறுபடி எழுதினார். தெரியாது என்று நிரூபித்த அதே ஆள் இப்போது, அவனுக்குத் தெரியும் என்று எழுதிக்கொண்டிருந்தார். அவன் தாழ்ப்பாளைப் பற்றி மறுபடி மறுபடி பேசுகிற இடங்களை எல்லாம் எடுத்து அடுக்கியிருந்தார். மற்ற விஷயங்களுக்கெல்லாம் ஒரு சொல்லில் பதில் சொல்லுகிற மனுஷன், ஒரு இரும்புத் துண்டைப் பற்றி எதற்கு இவ்வளவு பேச வேண்டும்? அதை விட்டுவிட்டால் வேறு எதையாவது பேச வேண்டியிருக்கும், அதனால்தான் என்று எழுதியிருந்தார். எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது. 'அவனுக்குத் தெரியும். அவனிடம் யாரும் சொல்லவில்லை. அவனும் தன்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.' இந்த மூன்று வாக்கியம் மட்டும் பழைய பம்பர் எழுதிய மாதிரி இருந்தது. ஒரு 'போல'கூட இல்லை.

மார்க் ஒன்றும் பிரமாதமாக வரவில்லை. கறுப்புச் சட்டைதான் முதல். அத்தானின் கட்டுரையில் டீச்சர் எழுதியிருந்தது: 'முதல் பாதி மிக நன்று. இரண்டாம் பாதியில் நீங்கள் உங்கள் வீட்டுக்குப் போய்விட்டீர்கள். கதைக்குத் திரும்பி வாருங்கள்.' இந்தத் தடவை அவர் மார்க்கை விரலால் மறைக்கவில்லை. "அந்தம்மா சொல்றது சரிதான். போயிட்டேன்" என்றார்.

அக்கா ஒரு வாரம் என்று போனவள் கூடுதலாக இரண்டு நாள் இருந்துவிட்டு, கறுத்து, முகம் தெளிந்து வந்தாள். வந்த அன்றே அத்தான் அவளை மேஜை முன்னால் உட்காரவைத்துக் கட்டுரையை முழுக்கப் படித்துக் காட்டினார். அவள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு கேட்டாள்.

"இதுல வர்ற பொண்டாட்டி நானா?"

"இல்ல. கதையில வர்றவ."

"அப்ப சரி. ஆனா 'பரவாயில்ல, அவசரமில்ல'ன்னு சொன்னா பாருங்க, அந்த இடத்துல அவ போகமாட்டான்னு எனக்குத் தோணுது."

"போவா. பை கட்டியாச்சு."

"பை கட்டினா போயிடுவாங்களா? நானும்தான் கட்டி எவ்வளவு நாள் வெச்சிருந்தேன்."

அத்தான் பேனாவை எடுத்துவிட்டார். கட்டுரையைக் கொடுத்து, மார்க் வாங்கி, எல்லாம் முடிந்த பிறகு.

டிகிரி வந்தது. அதற்குள் இரண்டு பருவம் அவர் இலக்கணத்தில் தடுக்கி விழுந்து எழுந்த கதை தனி. நாற்காலியும் வந்தது. புது அறையில் உட்கார்ந்த முதல் நாளே, கீழே வேலை பார்க்கிற ஒருவன் எழுதிய அறிக்கையைப் படித்துவிட்டு, "விபத்து நல்லா வந்திருக்கு. டிரைவர்தான் உயிரோட வரல" என்று சொல்லியிருக்கிறார். எழுதியவன் அலறிப்போய், அந்த டிரைவர் நேற்றுக்கூட நன்றாகத்தான் பேசினார் என்று போனை எடுத்துவிட்டானாம். மேனேஜர் ஓடி வந்து விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

வீட்டில் இப்போது விடுமுறை நாளில் அத்தான் ஒரு கதையைச் சத்தமாகப் படிப்பார், அக்கா காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள். பாதிக் கதையில் அவள் குறுக்கே வருவாள். அவர் விடமாட்டார். போன மாதம் ஒரு மீனவன் தன் படகை விற்பதா வேண்டாமா என்று ஒரு கதை. விற்கத்தான் வேண்டும் என்று அக்கா, விற்றால் அவன் மனுஷனே இல்லை என்று அத்தான். மதியம் தொடங்கிய சண்டை விளக்கு வைத்த பிறகும் ஓயவில்லை. மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுக்காரர் என் கடைக்கு வந்தார். கண்ணாடிக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உங்க அக்கா வீட்ல படகு விக்கிறாங்களாமே? என் மச்சினன் ஒருத்தன் வாங்கத் தேடிட்டு இருக்கான்."